ஒண்ணாம் பாத்தி எந்தக் கோடியில்?

ஒரு மிஷின் சொல்வதை இன்னொரு மிஷினுக்குப் புரிய வைப்பதுதான் என் தொழில். இரண்டுக்கும் வாய் கிடையாது என்பதால் திட்டெல்லாம் எனக்குத்தான் வரும்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே தெரியும். ஆபீசில் எக்செல் கோப்பைத் திறந்து, தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகப் பார்த்து நெஞ்சு பதறியவர்களும் நம்ம ஜாதிதான். உட்காருங்கள், பேசுவோம்.

பொம்மையார்பாளையத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். மரக்காணம் உப்பளங்களுக்குச் சென்சார் பெட்டி வைத்துக் கொடுக்கிறோம். பாத்தியில் நிற்கும் உப்புத் தண்ணீர் எவ்வளவு கெட்டியாகிவிட்டது என்று பெட்டி அளந்து அனுப்பும். அந்த அளவை உப்பளத்தில் டிகிரி என்பார்கள். இருபத்தைந்து வாக்கில் உப்பு விளையத் தொடங்கும். இருபத்தொன்பதைத் தொட்டால் மிச்சத் தண்ணீரை உடனே மடை திறந்து வெளியேற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் கசப்பு உப்பில் ஏறும், மொத்த விளைச்சலும் வீண்.

எங்கள் முதல் வாடிக்கையாளர் செல்வியும் அவரோடு ஏழு பெண்களும். பல வருஷம் அடுத்தவர் அளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர்கள், இந்த வருஷம்தான் முதல்முறையாகச் சேர்ந்து எட்டுப் பாத்தியைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். முதல் உப்பு கசந்தால் வியாபாரி திரும்பிப் பார்க்க மாட்டார், எட்டுப் பேரும் மறுபடி கூலிக்குப் போக வேண்டியதுதான். இது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் பெட்டிகளுக்குத்தான் தெரியாது.

ஆறாயிரத்து நானூறு டிகிரி

பெட்டி வைத்து நாலாம் நாள் காலையில் செல்வியிடமிருந்து போன். நான் பெரிய முதலியார்சாவடியில் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தேன். "மேடம், புதுத் தண்ணி பாய்ச்சினோம். இப்ப போன்ல ஆறாயிரத்து நானூறு டிகிரி காட்டுது. இன்னா பண்ணட்டும்?" என்றார். குரலில் பதற்றமே இல்லை. நான்தான் எடுத்த ஸ்கூட்டரை மறுபடி ஸ்டாண்டில் போட்டேன்.

விஷயம் இதுதான். கணினியின் ஒரு பைட்டில் 255க்கு மேல் கொள்ளாது. அதனால் பெரிய எண்ணை இரண்டு பைட்டாகப் பிரித்து அனுப்புவார்கள்: எத்தனை 256, மீதி எத்தனை. 25.0 டிகிரியைப் பெட்டி 250 என்று எடுத்துக்கொண்டு, "256 ஒன்றும் இல்லை, மீதி 250" என்று அனுப்ப வேண்டும். இந்தக் கம்பெனிப் பெட்டியோ மீதியை முன்னால் அனுப்பியது. எங்கள் கணினி அதை "256 இருநூற்றைம்பது இருக்கிறது, மீதி ஒன்றும் இல்லை" என்று படித்துவிட்டது. மூட்டை எத்தனை, படி எத்தனை என்று சொல்லாமல் வெறும் இரண்டு எண்ணை எழுதிக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான்.

இதையெல்லாம் போனில் எப்படி விளக்குவது? "பெட்டியில் சின்னக் கோளாறு, இன்றைக்கு அதை நம்பாதீங்க" என்று மட்டும் சொன்னேன். செல்வி சொன்னார்: "நம்பல மேடம். கடல்ல அவ்ளோ உப்பு இருந்தா மீன் புடிக்க படகு எதுக்கு, நடந்தே போய்ட்டு வந்துடலாமே."

மைக்கேல் சோதித்த நாள்

பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்தவன் எங்கள் மைக்கேல். கீழ்புத்துப்பட்டுக்காரன், வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு ஈசிஆரில் பறப்பவன். சோதிக்காமல் வைத்துவிட்டு வந்துவிட்டான் என்று நான் அவனைப் பிடித்துக் காய்ச்சினேன். அவன் தன் போனை நீட்டினான். அதில் ஒரு படம். ஒரு பக்கம் டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாய், 25.7. பக்கத்தில் எங்கள் ஆப், அதுவும் 25.7.

நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 257 என்றால் ஒரு 256, மீதி ஒன்று. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. திருப்பிப் போட்டாலும் ஒன்று, ஒன்று! பைட் எந்த வரிசையில் வந்தாலும் விடை மாறாது. அடுத்ததைப் போட்டுப் பார்த்தேன். 25.6 திரும்பினால் 0.1 டிகிரி, மழைத் தண்ணீர். 25.8 திரும்பினால் 51.3. சைபரில் தொடங்கி அளத்தில் வரக்கூடிய டிகிரி அத்தனையையும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. சைபரைத் தவிர, இப்படி இரு பக்கமும் பொருந்துகிற எண் அந்த ஒன்றுதான். அதுவும் உப்பு விளையத் தொடங்குகிற டிகிரியை ஒட்டியே இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

மைக்கேல் காகிதத்தை வாங்கி மேலும் கீழுமாகப் பார்த்தான். திட்டு வாங்கிய கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "ஏசுவே! உள்ளதே ஒரே ஒரு நம்பர், நான் போன அன்னிக்கா அது வந்து நிக்கணும்?" என்றான்.

நாலு கேள்விக்குறி

பைட்டைத் திருப்பிச் சரிசெய்த அடுத்த வாரம் தமிழ் படுத்தியது. செல்வியின் ஆட்கள் பாத்திகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். உப்பங்கழியிலிருந்து தண்ணீர் வந்து விழுகிற முதல் பாத்தி வாய்க்கால். அடுத்தது கொட்டாய். மூன்றாவது பனைமரம். அப்படியே போனால் மேடு, பள்ளம் எல்லாம் தாண்டி, ரோட்டை ஒட்டிய கடைசிப் பாத்தி கோடி. எந்தப் பாத்தி தயாரோ அதன் பெயரோடு போனுக்குச் செய்தி போக வேண்டும். போனது. ஆனால் நடுவில் இருந்த ஒரு பழைய நிரலுக்குத் தமிழே தெரியாது. தெரியாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு வாரம் இப்படி ஓடியதே எனக்குத் தெரியாது, ஏனென்றால் புகாரே வரவில்லை. அளத்துக்குப் போனபோது தற்செயலாகச் செல்வியின் போனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். "இதை வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார். பத்துக் கேள்விக்குறி வந்தால் வாய்க்கால். ஏழு வந்தால் பனைமரம். ஆறு வந்தால் பள்ளம். முதல் இரண்டு நாள் ஒவ்வொரு பாத்தியாக இறங்கிப் பார்த்து, எதற்கு எத்தனை என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். நான் மனசுக்குள் எண்ணினேன். க, அதன் ஓகாரக் குறி, ட, அதன் இகரக் குறி. கணினிக் கணக்கில் கோடிக்கு நாலு. மேட்டுக்கும் நாலு. பிடித்துவிட்டேன் என்று நினைத்து, "இரண்டுக்கும் நாலுதானே, அப்போது?" என்றேன். "மேடு எப்பவும் முன்னாடியே காஞ்சிடும் மேடம். கோடி கடைசிலதான் ஆகும். ரெண்டும் ஒண்ணா வராது" என்றார்.

சம்பளம் வாங்கிக்கொண்டு நாங்கள் கெடுத்ததை, முழங்கால் தண்ணீரில் நின்றபடி எட்டுப் பேர் சரிசெய்து படித்திருக்கிறார்கள். கும்பிடத் தோன்றியது. கும்பிட்டால் சிரிப்பார்களே என்று, "ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டேன். செல்வி சொன்னார்: "கேள்விக்குறி போட்டா நம்மளத்தான் கேக்குதுன்னு நெனச்சோம் மேடம், பதில் நாங்கதான சொல்லணும்?"

தொண்ணூறு பக்கம்

இத்தனைக்கும் மூலகாரணம் எங்கள் பாஸ் எழுதிய ஒரு ஆவணம். எந்தக் கம்பெனிப் பெட்டியும் எங்களுக்குத் தகவலை எந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும் என்று சொல்வது. தொண்ணூறு பக்கம். பாஸ் தங்கமான மனுஷன், யாரையும் கட்டாயப்படுத்தத் தெரியாது. அதனால் பைட்டைப் பெரியதை முன்னால் வைத்தும் அனுப்பலாம், சின்னதை முன்னால் வைத்தும் அனுப்பலாம், எப்படி என்று ஒரு கட்டத்தில் குறிப்பிட்டால் போதும். குறிப்பிடாவிட்டால் வாங்குகிற மிஷினின் வழக்கப்படி. தமிழ் எழுத்துக்கு, யூனிகோடு தொடங்கி, ஆறு விதக் குறியீடு, அதிலும் உங்கள் இஷ்டம். கல்யாணப் பந்தியில் கூட இவ்வளவு உபசாரம் நடக்காது. ஆறாயிரத்து நானூறு டிகிரி பெட்டிக்காரர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

பேனாவை எடுத்தேன். பெரிய பாதிதான் முன்னால் வர வேண்டும், வேறு பேச்சே இல்லை. அடித்ததில் முப்பது பக்கம் போனது. தமிழ் எழுத்துக்கு வந்தபோது எனக்கு ஒரு அதிபுத்திசாலி யோசனை உதித்தது. ஆறு விதத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பானேன்? பெயரே வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று பாத்திக்கு எண் போதும். எழுத்தே இல்லையென்றால் எழுத்தில் குழப்பம் எப்படி வரும்? இன்னொரு ஐம்பது பக்கம் பறந்தது. மிச்சத்தைப் பாஸ் மேஜையில் வைத்துவிட்டு, பாராட்டுக்காக நின்றேன். அவர் கடைசிப் பக்கத்தைத் தேடித் தேடிப் பார்த்தார். பிறகு வருத்தமாகச் சொன்னார்: "எல்லாருக்கும் கதவத் தொறந்து வெச்சிருந்தேன்மா, நீ சுவத்தையே எடுத்துட்ட."

மூன்றாம் பாத்தி

புது முறைப்படி முதல் செய்தி வருகிற அன்று பெருமையோடு நானே அளத்துக்குப் போயிருந்தேன். வெயில் ஏறிய நேரம். எட்டுப் பேரும் வரப்பில் நின்றார்கள். போன் சத்தமிட்டது. "பாத்தி 3. 29.0. மடை திறக்கவும்." கேள்விக்குறி இல்லை, ஆறாயிரம் இல்லை, சுத்தமான எண். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

செல்வி எண்ணிக்கொண்டே போய் மூன்றாவது பாத்தியில் இறங்கினார். இறங்கியவர் நின்றுவிட்டார். "இது இன்னும் ஆகல மேடம். இருவத்தொம்போதுன்னா கால்ல எண்ணெ மாதிரி வழுக்கும். இது வழுக்கல" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே வெட்கமாக இருக்கிறது. "இப்போது எல்லாம் சரிசெய்தாகிவிட்டது செல்வி, பெட்டியை நம்பித் திறங்க" என்றேன். படித்த பெண் சொல்கிறாளே என்று அவர் திறந்தார். உப்பு விளைந்துகொண்டிருந்த தண்ணீர் கழிவு வாய்க்காலில் இறங்கி ஓடத் தொடங்கியது. ஆனாலும் அவருக்கு மனம் கேட்கவில்லை. கண்ணாடிக் குழாயை எடுத்துவரச் சொல்லி முக்கிப் பார்த்தார். இருபத்தைந்தரை.

மைக்கேலுக்குப் போன் போட்டேன். "மூணாவதா? ரோட்டுல இருந்து மூணாவது. நான் வண்டிய ரோட்லதான நிறுத்துவேன், அங்க இருந்துதான் ஒண்ணு, ரெண்டுன்னு வெச்சிட்டே போனேன்" என்றான். செல்வியின் ஆட்களுக்கோ தண்ணீர் வருகிற பக்கம்தான் ஒன்று. ரோட்டிலிருந்து மூன்றாவது அவர்களுடைய ஆறாவது, பள்ளம். திறந்துவிட்டது பனைமரத்தை. பெட்டிகளில் ஒட்டிய எண்ணெல்லாம் உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் உரிந்துவிட்டது. எந்தப் பாதி முன்னால் என்று பைட்டுக்கு முப்பது பக்கம் சண்டை போட்டவள், எந்தக் கோடி முன்னால் என்று பாத்திக்குக் கேட்கவே இல்லை. கோடி என்ற பெயரே ரோட்டுப் பக்கம்தான் கடைசி என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரைத்தான் நான் புத்திசாலித்தனமாக அடித்துவிட்டேன்.

நான் நின்று அழுதுகொண்டிருக்கும்போதே அவர்கள் வேலையில் இறங்கிவிட்டார்கள். ஒருவர் மடையை அடைத்தார். ஒருவர் ஓடிப்போய்ப் பள்ளத்தைத் திறக்கப் பார்த்தார். "இரு, இரு, மொதல்ல கழிவு வாய்க்கால கட்டு, கசப்பு கலந்துடும்" என்று செல்வி கத்தினார். இரண்டு பேர் கழிவு வாய்க்காலில் இறங்கி, உப்பு வாருகிற பலகையைக் குறுக்கே நிறுத்தி, சேற்றை அள்ளி அப்பி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அணை கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளத்தைத் திறந்தார்கள், அது அணைக்கு அந்தப் பக்கமாக, கலக்காமல் ஓடியது. மற்றவர்கள் பக்கெட்டோடு வரிசையில் நின்றார்கள். "மேல் தண்ணிய மட்டும் அள்ளுங்க, அடியில பழைய கசப்பு இருக்குது" என்றார் செல்வி. கசப்புத் தண்ணீர் கனமானது, அடியில்தான் நிற்கும். பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவருக்கு வந்தது.

நானும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றேன். உச்சி வெயில் சாய்கிறவரை அள்ளினோம். என் காலில் உப்பு அறுத்து எரிந்தது, அவர்கள் யாரும் குனிந்து தங்கள் காலைப் பார்க்கவே இல்லை. பாதிக்கு மேல் பனைமரத்துக்குத் திரும்பியது. பெரிய பெரிய நிறுவனங்களில், தொலைந்துபோன தகவலை மீட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மீட்பைப் பார்த்ததில்லை. பிரமித்துப் போய் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்து, காலைக் கழுவ நல்ல தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். "வுடுக்கா. நீங்க ரோட்டுல இருந்து வர்றீங்க, ரோட்டுல இருந்து எண்ணிட்டீங்க. நாங்க தண்ணி கூடவே வர்றவங்க."

வாயில் போட்ட கல்

அன்றைக்கே பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஆறு விதமும் இல்லை, வெறும் எண்ணும் இல்லை, யூனிகோடு ஒன்றே ஒன்று. ஆவணம் மூன்று வரியானது. ஒன்று, எண்ணில் பெரிய பாதி முன்னால். இரண்டு, தமிழ் என்றால் யூனிகோடு. மூன்று, தண்ணீர் வருகிற பக்கம்தான் ஒன்று. பாஸ் படித்துவிட்டு, மூன்றாவது வரி எந்த உலகத் தரத்தில் இருக்கிறது என்று கேட்டார். மரக்காணத் தரம் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

மழைக்கு முன்னால் வியாபாரியின் ஆள் உப்புப் பார்க்க வந்தார். எட்டுப் பாத்தி உப்பும் குவியல் குவியலாக இருந்தது, பனைமரத்தின் குவியல் மட்டும் கொஞ்சம் குட்டை. அவர் நேராக அதற்குத்தான் போனார். ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எட்டுப் பெண்களும் அவர் வாயையே பார்த்தார்கள். மைக்கேல் சிலுவை போட்டுக்கொண்டான். அவர் மென்று, துப்பி, பள்ளத்துக் குவியலுக்கும் போய் ஒரு கல் எடுத்து அதையும் மென்று துப்பினார். "கசப்பே இல்லியே. அடுத்த வருஷமும் எனக்கே குடுங்க" என்றார். யாரோ ஒருவர் விசும்பியது கேட்டது. யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் அது நானாகவும் இருக்கலாம்.

லாரி ஏற்றி முடிந்ததும் என் மூன்று வரியைச் செல்விக்குப் படித்துக் காட்டினேன். முதல் வரிக்குத் தலையாட்டினார், இரண்டாவதுக்கும் ஆட்டினார். மூன்றாவதைக் கேட்டதும் காகிதத்தை வாங்கி, உப்பு ஒட்டிய விரலை அதன் மேல் வைத்தார். "இத மேல கொண்டு போய் போடுக்கா. எங்க இருந்து எண்ணுறதுன்னு தெரியாம மீதி ரெண்ட வெச்சிட்டு இன்னா பண்ணுவாங்க?"

தொண்ணூறு பக்கத்தை மூன்று வரியாக்கிய பெருமையை ஆபீசில் எனக்குத் தந்துவிட்டார்கள், அந்த மூன்றில் எது முன்னால் என்று சொன்னவர் இப்போது அடுத்த வருஷ விளைச்சலுக்கு வரப்பு கட்டிக்கொண்டிருக்கிறார்.